மூன்று புத்தகம் வேண்டாம், ஒரு பக்கம் போதும்: சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த அனுபவம்

மலேசியாவில் கிள்ளானில் நான் எடுக்கும் ஆங்கில டியூஷனுக்கு வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் சீனர்கள். வீட்டில் ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழி, பள்ளியில் மாண்டரின், வெளியே மலாய், இத்தனைக்கும் அப்புறம் நாலாவதாகத்தான் ஆங்கிலம். ஒவ்வொருவர் பையிலும் மூன்று பயிற்சிப் புத்தகம் கட்டாயம் இருக்கும், சொல்வளத்துக்கு ஒன்று, இலக்கணத்துக்கு ஒன்று, வாசிப்புக்கு ஒன்று. மூன்றையும் ஒழுங்காக முடித்திருப்பார்கள், திருத்தியும் வைத்திருப்பார்கள், சோம்பேறிகள் என்று யாரும் அவர்களைச் சொல்ல முடியாது. ஆனால் நாளிதழில் வந்த ஒரு சின்னச் செய்தியை நீட்டி "இதில் யார் என்ன செய்தார்கள், சொல்லு" என்றால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

சொல்லும் இலக்கணமும் வாசிப்பும் அந்த மூன்று புத்தகங்களில் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை, அதுதான் சிக்கல் என்பது என் கணிப்பு. அதனால் நான் புத்தகங்களை மூடச் சொல்லிவிட்டு, வாரத்துக்கு ஒரே ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு மூன்றையும் அதிலேயே நடத்துகிறேன். அது எப்படி நடக்கிறது, எங்கே பலன் தருகிறது என்பதை எழுதி வைத்தால் இந்தப் பக்கம் டியூஷன் எடுக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

நான் படித்தது தமிழ்ப்பள்ளி. அங்கிருந்து புதுமுக வகுப்பு (தாய்மொழிப் பள்ளியிலிருந்து வருகிறவர்கள் மலாய் பழக இருக்கும் ஒரு வருடம்) வழியாகத் தேசிய இடைநிலைப் பள்ளிக்குப் போனவள். அந்த வகுப்பில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் சீனப்பள்ளியிலிருந்து வந்தவர்கள். இன்று என்னிடம் வருகிறவர்களில் சிலர் அதே தடத்தில் தேசியப் பள்ளிக்குப் போகிறார்கள், மற்றவர்கள் டுசோங் என்று அவர்கள் சொல்லும் சுயேச்சைச் சீன இடைநிலைப் பள்ளிகளில் படிக்கிறார்கள். கிள்ளானில் மட்டும் அப்படி நான்கு பள்ளிகள் உண்டு. அங்கே ஆறு வருடப் படிப்பு, முடிவில் யூஇசி என்ற அந்தப் பள்ளிகளின் பொதுத் தேர்வு, 1975-லிருந்து நடக்கிறது. பலர் ஐந்தாம் வருடத்திலேயே தேசியப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் அரசுத் தேர்வான எஸ்பிஎம்மும் எழுதிவிடுவார்கள். ஆக ஒரே பிள்ளை தலையில் இரண்டு தேர்வு. பெற்றோரின் அவசரம் புரிகிறது.

முதலில் சொற்களைப் பற்றி. இந்தப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் பெரிய பலம். தொடக்கப்பள்ளியிலிருந்தே 'திங் ஷியே' என்று ஒன்று நடக்கும், ஆசிரியர் சொல்லச் சொல்லப் பார்க்காமல் எழுதுவது. ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளை அப்படி எழுதிப் பழகிய கைக்கு முப்பது ஆங்கிலச் சொல் ஒரு மாலை வேலை. அதனால்தான் சொற்பட்டியல் வியாபாரம் இங்கே நன்றாக ஓடுகிறது. 'பொம்பாஸ்டிக் வேர்ட்ஸ்', அதாவது படாடோபச் சொற்கள், என்று ஒரு மோகம் வேறு. கட்டுரையில் 'ஏராளம்' என்பதற்கு 'பிளெதோரா' என்று ஒரு சொல்லைச் செருகினால் மார்க் கூடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். 'பிளெதோரா' தெரிந்த பிள்ளைக்கு 'ரன் அவுட் ஆஃப்' தெரியாது, 'மேக் அப் யுவர் மைண்ட்' தெரியாது. சாதாரணச் சொற்கள் இரண்டு மூன்று சேர்ந்து வரும்போதுதான் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு சொல்லுக்கு நேராக ஒரு சீனச் சொல்லை எழுதி மனப்பாடம் செய்வதால் வரும் வினை இது. மாண்டரினில் செய்வதற்கும் உண்டாக்குவதற்கும் பெரும்பாலும் 'ஸுவோ' என்ற ஒரே சொல் ஓடிவிடும், அதனால் 'டூ எ டிசிஷன்' என்று எழுதுவார்கள். பலத்த மழை 'பிக் ரெயின்' ஆகிவிடும், ஏனென்றால் அவர்கள் மொழியில் அது பெரிய மழை. பேனா கடன் கேட்கும்போது 'பாரோ மீ எ பென்' என்பார்கள், கடன் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் அங்கே ஒரே சொல். விளக்கைத் 'திறப்பார்கள்'. மருந்தை 'ஈட்' செய்வார்கள். இதில் மட்டும் நாம் சிரிக்க முடியாது, தமிழிலும் மருந்து சாப்பிடத்தான் செய்கிறோம், மலாய்க்காரர்களும் அப்படியே.

நான் செய்வது இதுதான்: திங் ஷியேயை விடவில்லை, எழுதவைக்கும் பொருளை மாற்றிவிட்டேன். தனிச் சொல் ஒன்றுகூடக் கொடுப்பதில்லை. அந்த வாரப் பக்கத்தில் வந்த சொற்கூட்டங்களைத்தான் எழுதச் சொல்வேன். 'ஹெவி ரெயின்', 'மேக் எ டிசிஷன்', 'டேக் மெடிசின்', 'டிபெண்ட் ஆன்', இப்படி. முழு வாக்கியத்தை இயல்பான வேகத்தில் ஒருமுறை மட்டும் சொல்வேன், காதில் விழுந்ததை எழுதிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டு நிரப்ப வேண்டும். முதலில் முனகினார்கள். அவர்களுக்குப் பழகின விளையாட்டு என்பதால் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, இப்போது நான் மறந்தால் அவர்களே "டீச்சர், திங் ஷியே இல்லையா?" என்கிறார்கள்.

இன்னொரு பலமும் உண்டு, அதை ஆங்கில வகுப்பில் பலர் தொடுவதே இல்லை. சீன எழுத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்ப்பது அவர்களுக்குச் சின்ன வயதுப் பழக்கம். இடது பக்கம் மூன்று சொட்டு இருந்தால் பெரும்பாலும் தண்ணீரோடு ஏதோ தொடர்பு என்று ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அதே கண்ணால் ஆங்கிலச் சொல்லைப் பார்க்கச் சொன்னால் போதும், 'டிரான்ஸ்போர்ட்', 'எக்ஸ்போர்ட்', 'போர்ட்டபிள்' மூன்றிலும் 'போர்ட்' என்பது தூக்கிச் செல்வது என்று கண்டுபிடித்துவிட்டு அவர்களே நாலாவதைத் தேடுவார்கள். முன்னால் 'அன்', பின்னால் 'லெஸ்', 'ஷன்' இவற்றுக்குத் தனிப் பாடம் நான் நடத்துவதில்லை, பக்கத்தில் வரும்போது வட்டமிடச் சொல்வதோடு சரி.

எந்தச் சொற்கள் முக்கியம் என்ற கேள்விக்குப் பழைய பதிலே இன்னும் நல்ல பதில். மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட ஏறக்குறைய 2000 அடிப்படைச் சொற்களின் பட்டியல், அதற்கு மேல் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்த 570 சொற்குடும்பங்கள். படிவம் நான்கில், அதாவது இடைநிலைப் பள்ளி நாலாம் வருடத்தில், இருக்கும் பிள்ளைக்கு முதல் பட்டியல் கையில் இருக்கிறதா என்று பாருங்கள், ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், 'பிளெதோரா' பக்கத்தில் இருக்காது.

சரி, வாசிப்புக்கு வருவோம். சீனப் பிள்ளையின் ஆங்கில வாசிப்புப் புத்தகத்தைத் திறந்தால் வரிகளுக்கு மேலே பென்சிலில் பொடிப்பொடியாகச் சீன எழுத்து எழுதியிருக்கும். தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்து, அல்லது போனில் தட்டி, அர்த்தம் எழுதி வைத்திருப்பார்கள். உழைப்பு என்று நினைத்து அம்மா சந்தோஷப்படுவார். ஆனால் கண் அந்தச் சீன வரியைத்தான் வாசிக்கும். கீழே இருக்கும் ஆங்கிலத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இதற்கு நான் வைத்திருக்கும் விதி ஐந்து சொல். 250 சொல் உள்ள பக்கத்தில் ஐந்தே ஐந்து சொல்லுக்கு மட்டும் அர்த்தம் பார்க்கலாம், அதுவும் பக்கம் முழுவதையும் ஒருமுறை வாசித்து முடித்த பிறகு. இந்த ஐந்து நான் குத்துமதிப்பாகச் சொன்னது கிடையாது. நியூசிலாந்தின் பால் நேஷனும் அவரோடு ஹூ என்ற ஆய்வாளரும் 2000-இல் எழுதிய கட்டுரையில், யார் உதவியும் இல்லாமல் ஒரு கதை நன்றாகப் புரிய வேண்டுமானால் அதில் 98 சதவீதச் சொற்கள் ஏற்கனவே தெரிந்திருக்க வேண்டும் என்று காட்டினார்கள். அதாவது ஐம்பதுக்கு ஒன்று. 250-க்கு ஐந்து. ஒரு பிள்ளை இருபது சொல்லில் மாட்டிக்கொண்டால் குறை பிள்ளையிடம் இல்லை, நான் கொடுத்த பக்கம் அவனுக்கு மேலே இருக்கிறது, கீழே இறக்கி வேறு கொடுக்க வேண்டும். படிவம் நான்கு பையனுக்குப் படிவம் ஒன்று பக்கமா என்று கௌரவம் பார்க்கக் கூடாது.

ஐந்து எவை என்று தேர்ந்தெடுப்பதில்தான் பாதிப் பாடம் நடக்கிறது. பெயர், உணவு, மரம் செடி வகையறா என்று தெரிந்தால் விட்டுவிடு, கதை அதனால் நிற்காது. வினைச்சொல்லும் இணைப்புச்சொல்லும் தெரியவில்லையா, அதற்குச் செலவு செய். இதை ஒருமுறை புரிந்துகொண்டால் தேர்வு அறையில் அகராதி இல்லாமல் உட்காரும்போது கை நடுங்காது.

இலக்கணத்தில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தமிழ் பேசுகிற ஆசிரியருக்கு அங்கே ஒரு வசதி இருக்கிறது. ஒரு நாள் வந்த வாக்கியம் இது: 'த மேன் ஹூ ஸோல்ட் மீ த பைசிக்கிள் தட் பிலாங்ட் டு ஹிஸ் பிரதர் ஹேஸ் மூவ்ட் டு ஈப்போ'. ஈப்போவுக்குக் குடிபோனது யார் என்று கேட்டேன். வகுப்பில் பெரும்பாலும் "தம்பி" என்றார்கள். ஒரு பெண் "சைக்கிள்" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சொற்கள் எல்லாமே தெரிந்தவை. 'மூவ்ட்' என்ற வினைக்கு மிக அருகில் இருக்கும் ஆள் தம்பி, அதனால் அவனை அனுப்பிவிட்டார்கள்.

இதையே தமிழில் சொன்னால் 'தம்பியுடைய சைக்கிளை எனக்கு விற்ற ஆள் ஈப்போவுக்குக் குடிபோய்விட்டார்'. வர்ணனை எல்லாம் முன்னால், ஆள் கடைசியில், அவருக்கு அடுத்து நேராக அவர் செய்த காரியம். மாண்டரினிலும் அப்படியேதான், 'தெ' என்ற ஒட்டு வரும்வரை எல்லாம் வர்ணனை, அதற்கு அப்புறம்தான் ஆள். ஆங்கிலத்தில் ஆளை முதலில் நிறுத்திவிட்டு வர்ணனையைப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். இது நமக்கும் அவர்களுக்கும் ஒரே மாதிரி தலைவலி, ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்த ஆசிரியருக்கு இதில் என்ன கஷ்டம் என்றே புரியாது.

அதற்கு நான் பழக்கிய வழி: 'ஹூ', 'விச்', 'தட்' வந்தால் அங்கே பென்சிலால் ஒரு அடைப்பு திற, அந்த வர்ணனை முடியும் இடத்தில் மூடு. அடைப்புக்கு வெளியே நிற்பதை மட்டும் வாசி. 'த மேன் ஹேஸ் மூவ்ட் டு ஈப்போ'. அப்புறம் அடைப்புக்குள் இருப்பதை எடுத்து மாண்டரினில் ஆளுக்கு முன்னால் வைத்துச் சொல்லிப் பார். ஆங்கில வகுப்பில் மாண்டரினா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு மாண்டரின் அரைகுறை, ஆனாலும் சொல்லவிடுகிறேன், சரியாக வந்ததா என்று மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். தாய்மொழியை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வரச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

காலம் காட்டும் வினை வேறு கதை. மாண்டரினில் வினை மாறாது, ஹொக்கியனில் மாறாது, மலாயிலும் காலத்துக்காக மாறாது. நேற்று என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. மூன்று மொழி ஒன்று சேர்ந்து 'வினை அசையாது' என்று சொல்லிக்கொடுத்த பிள்ளையிடம் நாலாவது மொழி வந்து 'கோ' என்பதை 'வென்ட்' ஆக்கு, 'ஷி' வந்தால் ஓர் எஸ் போடு என்கிறது. நமக்கு இது சாதாரணம், வந்தான் வந்தாள் வருகிறார்கள் என்று வினையின் வாலை ஆட்டிக்கொண்டே வளர்ந்தவர்கள். அதனால் தமிழ் ஆசிரியர்கள் சீக்கிரம் பொறுமை இழப்பதைப் பார்த்திருக்கிறேன். "எத்தனை தடவை சொல்வது?" என்று கத்திப் பயனில்லை. விதி அவர்களுக்குத் தெரியும், கோடிட்ட இடம் நிரப்பச் சொன்னால் பத்துக்குப் பத்து வாங்குவார்கள். சொந்தமாக எழுதும்போதுதான் போய்விடுகிறது.

இரண்டு விஷயம் பலன் கொடுத்தது. ஒன்று, சத்தமாக வாசிப்பது. 'வாக்ட்', 'ஆஸ்க்ட்' என்பதில் கடைசி ஒலியை விழுங்கிவிடுவார்கள், மாண்டரினில் சொல் அப்படி மெய்யில் இடித்து நிற்பது குறைவு. வாய் சொல்லாததைக் கையும் எழுதாது. வாரப் பக்கத்தில் ஒரு பத்தியை, இறுதி ஒலியைக் கொஞ்சம் மிகைப்படுத்தியே, வாசிக்க வைக்கிறேன், கேட்க வேடிக்கையாக இருக்கும், பரவாயில்லை. இரண்டாவது, எழுதியதைத் திருத்தும்போது வினைச்சொற்களை மட்டும் பின்னாலிருந்து முன்னால் வருவது. கடைசி வாக்கியத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு வினையையும் தொட்டு, எப்போது நடந்தது, யார் செய்தது என்று இரண்டே கேள்வி. முன்னாலிருந்து வாசித்தால் கதை இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை கண்ணில் படாது.

'ஆல்தோ' போட்டால் 'பட்' போடாதே, 'பிகாஸ்' போட்டால் 'ஸோ' போடாதே. மாண்டரினில் இவை ஜோடியாக வரும், அதனால் ஜோடியாக எழுதுகிறார்கள். இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. இரண்டில் ஒன்றை அடிக்கச் சொல்லுங்கள், சில வாரத்தில் போய்விடும். 'தேர் ஹேவ்', 'ஐ வெரி லைக்' இவையும் அதே வகை.

'ஹி', 'ஷி' குழப்பம் அவ்வளவு சுலபமாகப் போகாது. மாண்டரினில் எழுத்தில் வேறு, ஒலியில் இரண்டும் 'தா'. ஹொக்கியனிலும் ஒன்றுதான், மலாயில் 'டியா' ஒன்றுதான். அம்மாவைப் பற்றிப் பேசும் பையன் மூன்றாவது வாக்கியத்திலேயே அம்மாவை ஆணாக்கிவிடுவான். பேச்சுத் தேர்வில் இதனால் தடுமாறுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வாசிப்பில் இது செய்யும் சேதம் அதிகம் கவனிக்கப்படுவதில்லை. பேச்சில் வேறுபாடு பார்க்காத மனம் வாசிக்கும்போதும் 'ஹிஸ்', 'ஹர்', 'தெம்', 'இட்' எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடுகிறது.

எஸ்பிஎம் ஆங்கிலம் முதல் தாளில் 40 கேள்வி, ஒன்றரை மணி நேரம். 2021-லிருந்து வந்த இந்த அமைப்பில் நாலாம் பகுதியில் ஒரு கட்டுரையிலிருந்து வாக்கியங்களை உருவிவிட்டு, எது எங்கே பொருந்தும் என்று கேட்பார்கள். அகராதி முழுக்க மனப்பாடமாக இருந்தாலும் அங்கே உதவாது. உருவிய வாக்கியம் 'தே' (they) என்று தொடங்கினால் முந்தின வரியில் பன்மையில் யாரோ இருக்க வேண்டும், 'ஹவெவர்' என்றால் முன்னே சொன்னதற்கு எதிராக ஏதோ வர வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். வாரப் பக்கத்தில் ஒவ்வொரு சுட்டுச்சொல்லிலிருந்தும் அது குறிக்கும் ஆளுக்கு அல்லது பொருளுக்கு ஒரு கோடு இழுக்கச் சொல்கிறேன். பக்கம் பார்க்க அலங்கோலமாக ஆகிவிடும். ஆனால் நாலாம் பகுதியில் முழு மார்க் வாங்குகிறவர்கள் இந்தக் கோடு இழுப்பதில் சலிக்காதவர்கள்தான். சொற்களை நிரப்பும் இரண்டாம் பகுதிக்கு முன்னே சொன்ன சொற்கூட்டத் திங் ஷியே போதும்.

எண்களில் ஒரு சின்ன விஷயம், போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். சீனர்கள் பத்தாயிரத்தை 'வான்' என்று ஓர் அலகாக வைத்து எண்ணுவார்கள். 'த்ரீ ஹண்ட்ரட் தௌஸண்ட்' என்பது அவர்களுக்கு முப்பது வான், நமக்கு மூன்று லட்சம், ஆகவே கேட்டல் தேர்வில் மனதுக்குள் மாற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி போய்விடும். மாற்றாதே, இலக்கமாகக் கிறுக்கிக்கொள் என்று சொல்லிவைக்கிறேன்.

எந்தப் பக்கத்தை எடுப்பது? பாடப்புத்தகத்திலிருந்து எடுப்பதில்லை. பேட்மிண்டன் செய்தி, பூனை காணாமல் போன கதை, பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் என்ன விற்கிறது என்று எழுதியது, எளிய ஆங்கிலத்தில் சுருக்கிய துப்பறியும் கதையில் ஒரு அத்தியாயம். பாக்குத் தே என்ற பன்றி எலும்பு சூப் எந்தக் கடையில் நல்லது என்று ஒரு கட்டுரை கொடுத்தபோது நடந்த சண்டையில் பாதி ஹொக்கியனில் இருந்தது, மீதி பாதி நல்ல ஆங்கிலத்தில் வந்தது, கருத்து இருந்தால் பேச்சு வந்துவிடுகிறது.

பெற்றோரைச் சமாளிப்பதுதான் பிள்ளைகளைச் சமாளிப்பதைவிடக் கடினம். டியூஷன் காசுக்குத் தாளின் கனத்தைப் பார்க்கிறவர்கள் உண்டு. "டீச்சர், மற்ற இடத்தில் வாரத்துக்கு ஒரு கட்டு கொடுக்கிறார்கள், நீங்கள் ஒரு பக்கம்தானா?" என்று ஓர் அம்மா நேராகவே கேட்டார். அவருக்கு ஆங்கிலம் வராது, அதனால் மகன் படிக்கிறானா என்று தெரிந்துகொள்ள அவருக்கு இருந்த ஒரே வழி தாளை எண்ணுவது. நியாயமான கேள்விதான்.

அவருக்கு நான் கொடுத்த வேலையை இப்போது எல்லாப் பெற்றோருக்கும் கொடுக்கிறேன். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அந்த வாரப் பக்கத்தை மகன் ஹொக்கியனிலோ மாண்டரினிலோ கதையாகச் சொல்ல வேண்டும், தாளைப் பார்க்காமல். நீங்கள் குறுக்கே கேள்வி கேளுங்கள், யார் சொன்னது, ஏன் போனான், அப்புறம் என்ன ஆச்சு என்று. கதை தொடர்ச்சியாக வந்தால் அவனுக்கு ஆங்கிலப் பக்கம் புரிந்திருக்கிறது. எங்காவது "தெரியலம்மா, என்னமோ ஆச்சு" என்று மழுப்பினால் திட்ட வேண்டாம், பக்கத்தில் அந்த இடத்தைக் காட்டச் சொல்லி ஒரு குறி போட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிடுங்கள். எனக்கு வரும் குறிகளில் முக்கால்வாசி ஒரு 'ஹூ' அல்லது 'விச்' பக்கத்திலோ, யாரைச் சுட்டுகிறது என்று தெரியாத ஒரு 'இட்' பக்கத்திலோ இருக்கும். அடுத்த வாரம் வகுப்பை அந்த வரியிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.